வெளிநாட்டு சாக்கெட்டில் மக்கர் செய்யும் சார்ஜர்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எது மக்கர் செய்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் 'இன்புட்' வரியைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் உலகத்தில் எந்த வீட்டு மின்சாரத்தையும் அது தாங்கும். உங்களுக்குத் தேவை துளைக்குப் பொருந்துகிற பிளக் மட்டும்தான். '230' என்றோ '220-240' என்றோ மட்டும் இருந்தால் அது நம் ஊர், ஐரோப்பா, வளைகுடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கத்துக்கான பொருள். '120' என்று மட்டும் இருந்தால் அமெரிக்கா, கனடாவுக்கானது. '100' என்று மட்டும் இருந்தால் ஜப்பானுக்கானது. இன்றைய போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை. ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், மிக்ஸி பெரும்பாலும் அப்படி இல்லை.

அடுத்தது சுவர். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான் முழுக்க 100 வோல்ட். ஆனால் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பாதியில் 60. சவூதியில் 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சாக்கெட்டும் இருக்கலாம். பிரேசிலில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு நகரத்தில் 127, இன்னொன்றில் 220. சாக்கெட் பார்க்க ஒரே மாதிரி. துளையின் வடிவம் உள்ளே எத்தனை வோல்ட் என்று சொல்லாது. டிராவல் அடாப்டரும் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் இதை மறப்பதுதான்.

சொருகியதும் 'டப்' என்ற சத்தம், கருகல் வாடை

குறைந்த வோல்ட் பொருளை அதிக வோல்ட்டில் போட்டிருக்கிறீர்கள். சூடேற்றும் பொருள் இழுக்கும் மின்திறன் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 120 வோல்ட்டுக்கான 1500 வாட் ஹேர் டிரையரை 230-இல் போட்டால் அது கிட்டத்தட்ட 5500 வாட் இழுக்கப் பார்க்கும். காயில் சில நொடிகளில் போய்விடும். உள்ளே இருக்கும் தெர்மல் பியூஸ் முந்திக்கொண்டால் தீ தப்பும்.

பிளக்கைப் பிடுங்குமுன் சுவிட்சோ எம்சிபியோ இருந்தால் அதை அணையுங்கள். ஆறிய பிறகும் மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இன்சுலேஷன் உருகியிருக்கும்.

சந்தேகப்படாமலே விட்டுவிடுகிற ஒன்று ஸ்பைக் பஸ்டர். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் சர்ஜ் ஸ்ட்ரிப்பின் உள்ளே எம்ஓவி என்ற சிறிய வட்டு இருக்கும். 120-க்கு மேல் குறிப்பிட்ட அளவு ஏறினால் மின்சாரத்தைத் தன் வழியே வடித்துவிடுவது அதன் வேலை. 230 வோல்ட் சாக்கெட்டில் அந்த ஸ்ட்ரிப்பைப் போட்டால், ஒவ்வொரு அலையிலும் அந்த வட்டு தன் வேலையைச் செய்துகொண்டே சூடேறி வெடிக்கும். அதில் சொருகிய போன் சார்ஜர் 240 வரை தாங்கும், ஸ்ட்ரிப்தான் தாங்காது. பயணத்துக்கு எம்ஓவி இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் போதும். பயணிகள் கப்பல்களில் சர்ஜ் ஸ்ட்ரிப்பைப் பொதுவாக அனுமதிப்பதே இல்லை. கப்பலின் மின் அமைப்பில் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும் என்பதால் அது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

வெறும் சிறு நீலப் பொறி மட்டும் வந்து, சாதனம் ஒழுங்காக ஓடினால் பயப்பட வேண்டாம். அமெரிக்க, ஐரோப்பிய சாக்கெட்டுகளில் சுவிட்ச் இருப்பதில்லை. சார்ஜரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் முதல் நொடியில் மொத்தமாக மின்சாரம் இழுப்பதால் வரும் பொறி அது. சார்ஜரை முதலில் சுவரில் சொருகி, பிறகு லேப்டாப்பில் மாட்டினால் பொறி குறையும்.

ஓடுகிறது, ஆனால் சோர்ந்து ஓடுகிறது

இது முன்னதற்கு நேர் எதிர். 230 வோல்ட் பொருளை 120-இல் போட்டால் அதன் திறனில் 27 சதவீதம்தான் கிடைக்கும். ஜப்பானின் 100 வோல்ட்டில் 19 சதவீதம். நம் ஊர் 1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க மூன்றரை நிமிடம் ஆகிறது என்றால், அமெரிக்காவில் ஏறத்தாழ பதின்மூன்று நிமிடமாகும். ஜப்பானில் பதினெட்டைத் தாண்டும். கெட்டிலுக்குக் கேடில்லை, வேலைதான் நடக்காது. மோட்டார் உள்ள பொருளுக்கு அப்படி இல்லை. வோல்ட் போதாமல் மோட்டார் சுற்ற முடியாமல் முனகி நின்றால், நின்ற இடத்திலேயே சூடேறிக் கருகும். முனகல் கேட்டதும் அணைத்துவிடுங்கள்.

குடும்பத்தோடு அமெரிக்கா போய்த் தங்குகிறவர்கள் மிக்ஸியையும் கிரைண்டரையும் கொண்டுபோவது வழக்கம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மிக்ஸி மோட்டார் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் வகை. அதற்கு 50 ஹெர்ட்ஸும் ஒன்றுதான், 60-உம் ஒன்றுதான். வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். ஆகவே 120-ஐ 230 ஆக்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்குவதுதான் பலரும் செய்வது, அது போதாது. கெட்டிச் சட்னி அரைக்கும்போது மோட்டார் அதைவிட அதிகம் இழுக்கும். இரண்டு மடங்கு, அதாவது 1500 வாட் வாங்குங்கள். அதுவே அமெரிக்காவின் சாதாரண 15 ஆம்பியர் லைனுக்கு ஏறக்குறைய உச்ச வரம்புதான். அந்த லைனில் அதிகபட்சம் 1800 வாட், தொடர்ந்து ஓட்டினால் 1440. அதே லைனில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தால் பிரேக்கர் விழும்.

வெட் கிரைண்டரின் கதை வேறு. அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். வேகத்தை ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே நம் ஊர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கல் அங்கே 60-இல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், ஆனால் கிளம்பும்போது இழுவை குறைவாக இருக்கும். அரிசியும் உளுந்தும் நிறைத்துவிட்டு சுவிட்சைப் போட்டால் கல் நகராமல் 'ஊம்' என்று நிற்பது இதனால்தான். காலியாகக் கிளப்பி, சுற்றத் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சமாளிக்கலாம். நம் பரிந்துரை: இரண்டையும் தூக்கிச் செல்லாதீர்கள். அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் செய்த மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கின்றன. பல கிலோ எடையுள்ள டிரான்ஸ்பார்மரைச் சமையல் மேடையில் வைத்து வாழ்வதைவிட அது நல்லது.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியில் '1600 வாட் கன்வர்ட்டர்' என்று எழுதியிருந்தால், அது டிரான்ஸ்பார்மர் அல்ல. மின் அலையை வெட்டிவிடும் எலக்ட்ரானிக் கருவி. சூடேற்றும் காயிலுக்கு மட்டும் சரி. லேப்டாப், மருத்துவக் கருவி, மோட்டார் எதையும் அதில் மாட்டக் கூடாது.

பிளக் தொட முடியாத அளவு சூடாகிறது, அடாப்டர் இளகுகிறது

சார்ஜர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பிளக்கும் பின்னும் சூடானால் அது லூஸ் கான்டாக்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பின்னுக்கும் சாக்கெட் தகட்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்து, 10 ஆம்பியர் ஓடினால், அந்தச் சிறு முனையில் மட்டும் 10 வாட் வெப்பம். விரல்நுனி அளவு இடத்தில் சிறிய சால்டரிங் அயர்ன் வைத்தது போல. பிளாஸ்டிக் பழுப்பேறி, மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் அந்த அடாப்டரையும் அந்த சாக்கெட்டையும் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்; வாட்டை அதிலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். 8 ஆம்பியர் அடாப்டர் லண்டனில் 1840 வாட் தாங்கும், அதே அடாப்டர் ஜப்பானில் 800 வாட்தான். போனுக்கும் லேப்டாப்புக்கும் இது பொருட்டே அல்ல. ஹேர் டிரையரும் அயர்ன் பாக்ஸும்தான் அடாப்டரை உருக்குகின்றன. அவற்றைப் பெட்டியில் வைக்காமல், தங்கும் விடுதியில் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழைய சாக்கெட்டுகளின் பிடிப்பு தளர்ந்திருக்கும். கனமான 'உலக அடாப்டர்' அதில் தொங்கித் தலைகுனிந்து, பாதி வெளியே வந்த தட்டைப் பின்கள் தெரியும். அந்த இடுக்கில் ஒரு சாவியோ கிளிப்போ விழுந்தால் நேரடி ஷார்ட். பிளக்கைச் சுவரிலும் சார்ஜரைத் தரையிலும் வைக்க உதவும் குட்டையான எக்ஸ்டென்ஷன் ஒயர் இதற்குத் தீர்வு.

லேப்டாப்பின் உலோக உடம்பில் சுர்ரென்று ஒரு அதிர்வு. தொடுதிரை தானாகக் குதிக்கிறது

புறங்கையால் லேசாகத் தடவினால் மெல்லிய நடுக்கம் போல உணர்வீர்கள். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் லேப்டாப்பில் கோளாறு இல்லை. சார்ஜரின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு கெப்பாசிட்டர் சுவர்ப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கிறது. எர்த் இருந்தால் அதன் வழியே கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் உடம்பு வழியே போகும். நல்ல சார்ஜரில் அது ஆபத்தில்லாத அளவு. தொடுதிரை தப்பும் தவறுமாக வேலை செய்வதற்கும் பெரும்பாலும் இதே இரைச்சல்தான் காரணம்.

எர்த் எங்கே போனது? மூன்று பின் லேப்டாப் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியபோது போய்விட்டது. மலிவான 'உலக அடாப்டர்'களில் மூன்றாவது பின்னுக்குத் துளை இருக்கும். உள்ளே அது எதோடும் இணைந்திருக்காது. ஐரோப்பாவில் எர்த் இருப்பது சாக்கெட்டின் பக்கவாட்டுத் தகடுகளில், பிரான்சில் சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பின்னில். வெறும் இரண்டு உருண்டைப் பின் அடாப்டர் இரண்டையுமே தொடாது.

இதற்கு மிகச் சிறந்த தீர்வு அடாப்டரே அல்ல, பவர் கார்டு. லேப்டாப் சார்ஜருக்குள் போகும் முனையைக் கவனியுங்கள். மூன்று துளைகள் மூவிலை போல இருந்தால் அது சி5, எட்டு என்ற எண் போல இருந்தால் சி7, கம்ப்யூட்டர் மானிட்டருக்கு வருவது போன்ற பெரிய மூன்று துளையென்றால் சி13. இவை உலகம் முழுக்க ஒரே அளவு. போகும் நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே முனையுள்ள உள்ளூர் கார்டு ஒன்று வாங்கினால், எர்த், பிடிப்பு, பாதுகாப்பு எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடும். சி7-இல் எர்த் கம்பியே கிடையாது என்பதால் அதில் அந்த மெல்லிய அதிர்வு இருக்கத்தான் செய்யும். ஜப்பானில் மூன்று பின் சாக்கெட் அரிது. அங்கே பிளக்கிலிருந்து தனியாகத் தொங்கும் பச்சை நிற எர்த் கம்பியை, சாக்கெட்டின் கீழே மூடியிட்ட திருகில் மாட்டும் வழக்கம் உண்டு.

மெல்லிய அதிர்வு இல்லாமல் கையை உதறும் அளவு ஷாக் அடித்தால் சார்ஜர் உள்ளுக்குள் பழுது. குப்பையில் போடுங்கள்.

பிளக் உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது

இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய இடங்களில் சதுரப் பின் சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் உள்ளிருந்து ஒரு கதவு மூடியிருக்கும்; மேலே உள்ள எர்த் பின் நுழைந்தால்தான் அது திறக்கும். அந்தத் துளையில் பேனாவையோ சாவியையோ விட்டுத் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். உருண்டைப் பின்னை அந்தத் தகடுகள் சரியாகப் பிடிப்பதில்லை, பிளக்கில் இருக்க வேண்டிய பியூஸும் இல்லை. நல்ல அடாப்டரில் பியூஸ் இருக்கும். அது போய்விட்டால் அதே அளவு பியூஸைப் போடுங்கள், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றும் வேலை வேண்டாம்.

ஐரோப்பாவில் நம் மூன்று பின் பிளக்கை வலிந்து தள்ளினாலும் நுழையாது. நம் பின் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர், அவர்கள் துளை 4.8 மில்லிமீட்டர் பின்னுக்கானது. சாக்கெட் குழிக்குள் இருப்பதால் அகலமான அடாப்டர் அடிவரை போகாது. வட்ட வடிவ அடாப்டர் வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் தனி வடிவங்கள் உண்டு. 4 மில்லிமீட்டர் மெல்லிய இரட்டைப் பின் அங்கே நுழையும், ஜெர்மனியின் தடித்த பிளக் சுவிஸ் சாக்கெட்டில் நுழையாது.

சாக்கெட்டில் கரண்டே இல்லை

ஐந்து இடங்களைப் பாருங்கள். ஒன்று, கதவோரம் உள்ள கார்டு செருகி: அறைச் சாவி கார்டை எடுத்ததும் பெரும்பாலான சாக்கெட்டுகள் அணைந்துவிடும், நீங்கள் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை கேமரா பேட்டரி அப்படியே கிடக்கும். குளிர்பதனப் பெட்டியின் சாக்கெட் வழக்கமாக அணையாது. இரண்டு, அமெரிக்க அறைகளில் வாசல் அருகே உள்ள விளக்கு சுவிட்ச்: சில சாக்கெட்டுகளின் ஒரு பாதி அதோடு இணைந்திருக்கும். மூன்று, குளியலறை சாக்கெட்டில் உள்ள இரண்டு பட்டன்கள்: 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துக்கொள்ளும். 'ரீசெட்'டை அழுத்துங்கள். உங்கள் சாதனத்தை மாட்டியதும் மறுபடி விழுந்தால் கோளாறு சாதனத்தில். மூன்றாம் முறை முயல வேண்டாம். நான்கு, 'ஷேவர் மட்டும்' என்று போட்ட குளியலறை சாக்கெட்: அதன் பின்னால் இருப்பது சில பத்து வாட் டிரான்ஸ்பார்மர், லேப்டாப் மாட்டினால் அணைந்துவிடும். ஐந்து, விமான இருக்கை: அங்கேயும் வாட் வரம்பு உண்டு. பேட்டரி காலியான லேப்டாப் அதிகம் இழுத்து அதை அணைத்துவிடும். கழற்றி ஒரு நிமிடம் விட்டு, லேப்டாப்பை ஷட்டவுன் செய்து மாட்டுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் விடியும்வரை ஏறவில்லை

படுக்கையோர யுஎஸ்பி துளைதான் பெரும்பாலும் குற்றவாளி. பழைய துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். 5000 எம்ஏஎச் போனின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). வீணாவதைச் சேர்க்காமலே ஏழரை மணி நேரத்துக்கும் மேலாகும். உங்கள் சொந்த சார்ஜரைச் சுவரில் மாட்டுங்கள். அந்நியத் துளையில் மாட்டியே ஆக வேண்டுமென்றால், 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று போன் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சொந்த சார்ஜரிலும் மெதுவென்றால் கேபிளைப் பாருங்கள். இரண்டு முனையிலும் யுஎஸ்பி-சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர், 60 வாட்டோடு நின்றுவிடும். 100 வாட் லேப்டாப்புக்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இரண்டு மூன்று துளை உள்ள 65 வாட் சார்ஜரில் போனையும் சேர்த்து மாட்டினால் லேப்டாப்புக்குக் கிடைப்பது 45 ஆகக் குறையும். சில போன் நிறுவனங்களின் அதிவேக முறை அவர்களுடைய சார்ஜரோடும் கேபிளோடும் மட்டுமே பேசும். ஊரில் அதை மறந்துவிட்டுப் போனால் மற்ற சார்ஜரில் சாதாரண வேகம்தான்.

பவர் பேங்க்: நிறுத்தி வைக்கிறார்கள், சூடாகிறது, உப்புகிறது

எம்ஏஎச்-ஐ 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, 30,000 என்றால் 111. நூறு வரை பொதுவாகக் கேள்வியில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எல்லாமே கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. விமான வாசலில் இடமில்லையென்று கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பும்போதும் பவர் பேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பறித்துவிடுவார்கள். சீனாவில் உள்நாட்டு விமானங்களுக்கு 2025 ஜூன் 28 முதல் '3சி' என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டன. எமிரேட்ஸில் ஒன்றுதான் எடுத்துச் செல்லலாம்.

உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், விமானத்தில் ஏற்றாதீர்கள். பறக்கும்போது சூடானால் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

ஈரம், குளிர்

ஏசி அறையிலிருந்து புழுக்கமான தெருவுக்கோ, பனியிலிருந்து சூடான அறைக்கோ வந்தால் கேமராவின் உள்ளே வியர்க்கும். பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். போன் 'ஈரம்' என்று எச்சரித்தால் துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றாட வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். தூசு உள்ளே போகும். பனியில் 20 சதவீதத்தில் போன் அணைந்தால் பேட்டரி கெடவில்லை. உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மீளும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் மட்டும் போடாதீர்கள். அது பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும்.

ஊர் திரும்பிய பிறகு

'115/230' சுவிட்ச் வைத்த ஹேர் டிரையர், டிராவல் அயர்ன் இரண்டும் கருகுவது பெரும்பாலும் இங்கே வந்த பிறகுதான். நாணயத்தால் திருப்பும் அந்தச் சுவிட்ச் 115-இலேயே கிடக்கும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதைத் திருப்புங்கள்.

அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் காபி மெஷின் கொண்டுவந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரில் ஓட்டலாம். மின் அலையை எண்ணும் கடிகாரம் அதில் இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மைக்ரோவேவ் கொண்டுவர வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அதன் உள் டிரான்ஸ்பார்மர் 50-இல் அளவு மீறிச் சூடாகும்.

ஐரோப்பாவில் வாங்கிய சார்ஜரின் 4 மில்லிமீட்டர் பின் நம் 5 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையும், ஆனால் ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி பறந்து, துளையோரம் கறுக்கும். கார்டு கழலும் வகையென்றால் நம் ஊர்க் கார்டை மாட்டுங்கள். ஒரே துண்டாக வந்த சார்ஜர் என்றால், பின்னை இறுகப் பிடிக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள மல்டிபிளக்கில் போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். தொடுமுன் சுவிட்சை அணைத்து பிளக்கை வெளியே எடுத்துவிடுங்கள். சுட்டால் அந்த சார்ஜரை அந்த சாக்கெட்டில் இனி மாட்டாதீர்கள்.